சுரபுன்னைக் காட்டில் சுற்றாத காற்றாலை

சிதம்பரத்தை அடுத்த சுரபுன்னைக் காட்டுத் தீவொன்றில் மீனவர்களுக்கான வயர்லெஸ் நிலையம் இருந்தது. கரண்ட் கம்பி போகாத இடம். சோலார் தகடும் சிறு காற்றாலையும் சேர்த்து அதற்கான மின்சார அமைப்பை வடிவமைத்தது நான்தான். வேலைக்குச் சேர்ந்த புதிது. அதன்மேல் எனக்கு அத்தனை பெருமை.

ஐப்பசி மழையின் மூன்றாம் நாள், பேட்டரி தீர்ந்துவிட்டதாகத் தகவல் வந்தது. படகில் போய் இறங்கியதுமே ஆபரேட்டர் ஜமீலா அக்காவிடம் எரிந்து விழுந்தேன்.

"ஃபேன ஜாஸ்தி ஓட்டிட்டீங்களா?"

"மூணு நாளா லைட்டுகூட போடல சார். நம்ம ஆளுங்க கடல்ல இருக்காங்கன்னு வயர்லெஸ்ஸுக்கு மட்டுந்தான் வச்சிருந்தேன். கடைசிப் படகு கரைக்கு வந்தப்புறந்தான் அணைஞ்சுது."

அண்ணாந்து பார்த்தேன். மரங்களின் உச்சி காற்றில் ஆடியது. அதற்குக் கீழே என் காற்றாலை அசையாமல் நின்றது. தீவுக்கு வந்து பார்க்காமல், கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் காற்றை அளந்து, கம்பத்தைக் குட்டையாகப் போட்டிருந்தேன்.

"தப்பு என்னுதுக்கா."

"அப்ப கம்பத்த உசத்துங்க சார். மொதல்ல தலையத் தொவட்டுங்க," என்று சிரித்தபடி துண்டை நீட்டினார்.

அடுத்த மாதமே உயர்த்தினோம். இன்றும் எந்த நிலையம் பழுதானாலும், அங்கிருப்பவரைக் கேட்பதற்கு முன் என் வரைபடத்தைத்தான் எடுத்துப் பார்க்கிறேன்.