நாற்பது ரூபாய் எடை

1940 தை மாதம், சித்திரக்குளத்தருகே ஒரு பள்ளிக்கூட வராந்தாவில், ஞாயிறுதோறும் மாலை நாலு மணிக்குக் கூடைக்காரப் பெண்களுக்குச் சேமிப்புப் பாடம் நடத்தத் தொடங்கினேன். பணத்தைப் பானையில் ஒளித்து வைப்பது மடமை, தபாலாபீசில் போட்ட ரூபாய் வட்டியோடு ரூபாயாகவே திரும்பும் என்று கரும்பலகையில் எழுதி, எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டுவேன்.

முதலில் நம்பியவள் மாட வீதியில் கீரை விற்றவள். அரிசிப் பானைக்குள் நாற்பது வெள்ளி ரூபாய் வைத்திருந்தாள். நானே உடன்போய்க் கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன். அவை மகளின் தண்டைக்காக உருக்கச் சேர்த்தவை என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நகை செய்யும் பத்தர்கள் வெள்ளியை ரூபாய் நாணயத்தை வைத்தே எடைபோடுவார்கள். நாற்பது நாணயம், நாற்பது ரூபாய் எடை.

1943 புரட்டாசியில், மாப்பிள்ளை வீட்டார் கேட்ட நாற்பது எடைத் தண்டைக்காகப் பணத்தை எடுக்கப் போனாள். கையில் வந்தவை ஒரு ரூபாய் நோட்டுகள். யுத்தத்தால் வெள்ளி விலை ஏறியிருந்தது. அத்தனை நோட்டுக்கும் முப்பது எடை வெள்ளிதான் வரும் என்றுவிட்டார் பத்தர்.

அந்த ஞாயிறு நோட்டுக்கட்டோடு வகுப்புக்கு வந்தாள்.

"ரூபா ரூபாவாவே வரும்னு எய்தினியே வாத்யாரே. இந்தா, இந்தக் காய்தத்த உருக்கிக் காட்டு."

"உருக்கினா சாம்பல்தான் கீது," என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

வட்டி சேர்ந்திருக்கிறதே என்று ஆரம்பித்தேன்.

"வட்டிய என் பொண்ணு கால்ல கட்டி அனுப்பட்டா? பத்து எடை கொறைஞ்சா கல்யாணமே இல்லன்றாங்க. ஒண்ணு கேக்குறேன், சொல்லு. உன் ஊட்டு வெள்ளிய எந்தத் தபாலாபீஸ்ல போட்டுக்கீற?"

என் வீட்டு அலமாரியில் பதினொரு வெள்ளிப் பாத்திரங்கள் பூட்டுக்குள் இருந்தன. கரும்பலகையில் அன்றும் எழுதியிருந்த அந்த வரியைத் துடைக்கத் திரும்பினேன்.

"தொடைக்காதே. இருக்கட்டும், எல்லாரும் பாக்கட்டும்."

மறுநாள் காலை, மனைவியோடு சண்டை போட்டுவிட்டு, ஒரு வெள்ளி டம்ளரைப் பத்தரிடம் கொண்டுபோனேன். நோட்டுக்கட்டோடு அவள் முன்பே அங்கே வந்து நின்றிருந்தாள். டம்ளர் ஒரு தட்டில், பத்தர் எடைக்கல்லாக வைத்திருந்த பழைய வெள்ளி ரூபாய்கள் மறுதட்டில். ஒன்பதாவது நாணயத்தில் தராசு நேராக நின்றது.

"இன்னும் ஒரு எடை கொறையுது," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

வெள்ளிக் கரண்டி ஒன்றை எடுத்துவர வீட்டுக்குத் திரும்பி நடந்தேன்.

அடுத்த ஞாயிறு நாலரை வரை காத்திருந்தும் வராந்தாவுக்கு ஒருத்தியும் வரவில்லை. ஐப்பசியில் நடந்த கல்யாணத்துக்கும் எனக்கு அழைப்பில்லை. தேதியை வேறொரு கீரைக்காரியிடம் கேட்டுத்தான் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன்.