சூறாவளி சுப்புவின் பல்லுக்குப் பின்னால்

பொம்மை வேஷம் கட்டுவது என்பது, வெளியே ஒருவன் சிரித்துக்கொண்டே இருக்க உள்ளே நாம் வியர்த்துக்கொண்டே இருக்கிற தொழில்.

பிறந்த நாள் விழாவிலும் கடைத் திறப்பிலும் பெரிய தலையை ஆட்டிக்கொண்டு வந்து உங்கள் குழந்தைக்குக் கை கொடுத்ததே ஒரு பொம்மை, அதற்குள் ஒரு ஆள் இருந்திருக்கும். அது நடுத்தர வயசுப் பெண்பிள்ளையாக, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று உள்ளே புழுங்கிக்கொண்டிருப்பவளாக இருக்கும் என்று நீங்கள் நினைத்திருக்க மாட்டீர்கள். நான் எட்டாவதோடு நின்றவள். பல வருஷம் பனியன் கம்பெனியில் துணியில் ஓட்டை பார்த்தேன். இப்போது காந்திபுரத்தில் விழா அலங்காரக் கடை வைத்திருக்கும் சாந்தாமணி அக்காவிடம் இந்த வேலை. அங்கேயும் நின்றேன், இங்கேயும் நிற்கிறேன். ஆனால் இங்கே விடியுமுன் கம்பெனி பஸ் பிடிக்க வேண்டியதில்லை.

நான் கட்டுவது சூறாவளி சுப்பு வேஷம். டிவியில் சாயங்காலம் வருகிற கார்ட்டூன்தான். சிவப்புத் துண்டு போர்த்திய பள்ளிக்கூடத்துப் பையன். திருடனைப் பிடிப்பான், வெள்ளத்தை நிறுத்துவான். அவனுக்குப் புளிமூட்டை என்று ஒரு பயந்தாங்கொள்ளிச் சினேகிதன். நான் குள்ளம், அதனால் சுப்பு. கூட வேஷம் கட்டுகிற செந்தில் தம்பிக்கு உயரமும் தொப்பையும் இருக்கிறது, அதனால் புளிமூட்டை. சுப்புவின் கண் வெறும் பெயிண்ட். பல் வரிசைக்கு நடுவே இருக்கிற கறுப்பு வலை வழியாகத்தான் நான் பார்க்க வேண்டும். பேசக் கூடாது, குழந்தைகள் முன்னால் தலையைக் கழற்றக் கூடாது, உட்காரக் கூடாது, நெஞ்சை நிமிர்த்தி இடுப்பில் கை வைத்து நிற்க வேண்டும். இதெல்லாம் அக்கா போட்ட சட்டம்.

பிறந்த நாள் ஒன்றிலிருந்து திரும்பி வருகிற வழியில், வேனுக்குள் அக்கா மெதுவாகச் சொன்னது இது: "அம்மணி, பொடுசுக எல்லாம் புளிமூட்டையத்தான் கேக்குதுக. ஆவணி முகூர்த்தம் முடியற வரைக்கும் பாப்பமுங்க. அப்பறமும் இப்படியேன்னா, சுப்பு தலையப் பரண்ல ஏத்திப்போடலாம்."

தலை பரணுக்குப் போனால் நான் திரும்பவும் கம்பெனி பஸ்ஸுக்குப் போக வேண்டும். இத்தனை வருஷமாக ஓடுகிற கதையின் நாயகனை, அந்தக் கதையைப் பார்க்கிற பிள்ளைகளுக்கே ஏன் பிடிக்கவில்லை? அன்றிலிருந்து வலைக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

முழங்காலில் விழுந்த உதை

சரவணம்பட்டியில் ஒரு அடுக்குமாடியில் பிறந்த நாள். கேக் வெட்டுகிற பையன் ஓடி வந்தான். என்னைக் கட்டிப்பிடிக்கத்தான் வருகிறான் என்று குனிந்தேன். முழங்காலில் ஒரு உதை விட்டான். அப்படியே திரும்பிப் போய் செந்திலின் தொப்பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். வலியில் எனக்கு உள்ளே கண்ணீர் வந்துவிட்டது. வெளியே சுப்பு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். கால் வீங்கிவிடுமோ, வீங்கினால் நாளைக்கு எப்படி நிற்பது என்று அதற்குள் என் மனசு நாளைக்குப் போய்விட்டது.

அவன் அம்மா பதறிப்போய், "ஏஞ்சாமி, சுப்புவ உதைக்கலாமா? அவரு நல்லவரில்ல?" என்று இழுத்தார். பையன் தொப்பையிலிருந்து முகத்தை எடுக்காமலேயே சொன்னான்: "எப்பப் பாத்தாலும் அவனே ஜெயிக்கறான். ஒரு நாளைக்குத் தோத்தா என்ன இப்போ?"

சால்வை

காந்திபுரத்தில் ஒரு செல்போன் கடைத் திறப்பு. வாசலில் நானும் செந்திலும். போட்டோ எடுக்க வந்த பிள்ளைகள் எல்லாம் புளிமூட்டை பக்கம் வரிசை கட்டின. என் பக்கம் ஒரு நாய் மட்டும் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போயிற்று. ஒரு சின்னப் பெண்ணை அவள் அப்பா என் பக்கம் தள்ளப் பார்த்தார். "நான் மாட்டேன். கதைல பாலம் உழுகாமப் புடிச்சுட்டு நின்னது புளிமூட்டை. மாலை வாங்கிட்டது இவன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கம்பெனியில் ஒரு சரக்கு குறையில்லாமல் போய்ச் சேர்ந்தால், நாங்கள் கண் நோகப் பார்த்ததற்கு சூப்பர்வைசருக்குத்தான் பாராட்டு வரும். அந்தப் பெண் சொன்னது எனக்குப் புரியாமல் இருக்குமா?

அதற்குள் கடைக்காரர் வந்து, கேமராவைப் பார்த்துக்கொண்டே எனக்கு ஒரு சால்வை போர்த்தினார். இந்த ஊரில் யார் வந்தாலும் சால்வை போர்த்தாவிட்டால் திருப்தியாகாது, பொம்மைக்கும் அப்படித்தான். புளிமூட்டைக்கு ஒன்றும் இல்லை. முடிந்து வேனில் ஏறும்போது பலூன் மூட்டை, மேஜை, பேட்டரி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு செந்தில் பின்னால் வந்தான். மூச்சு வாங்க, சிரித்துக்கொண்டே சொன்னான்: "ஏனுங்கக்கா, சால்வை வாங்குன கையில இந்த மேசையச் சித்தே புடிக்கறதுங்களா? இல்ல சுப்பு கைக்கு அது ஆகாதுங்களா?"

பாகற்காய்

இது ஒரு மாடி வீட்டு விழா. ஒரு தாய், பாகற்காய் வைத்த தட்டும் கையுமாக, மகளை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். "பாரு கண்ணு, சுப்பு எல்லாக் காயும் திங்கறான். எந்திரிச்சதும் பல்லு வெளக்கறான். வீட்டுப்பாடம் மீதி வெக்கறதில்ல. நீயும் இருக்கறியே!" சொல்லிவிட்டு, "அப்படித்தானுங்களே?" என்று என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய? எனக்கும் பாகற்காய் ஆகாது. என் வீட்டில் அந்தக் காயே வாசல் தாண்டி வந்ததில்லை.

அந்தக் குழந்தை என்னைக் குனியச் சொல்லிக் கையைக் காட்டியது. காது என்று நினைத்துச் சுப்புவின் பிளாஸ்டிக் காதில் வாயை வைத்து, அம்மாவுக்குக் கேட்காமல் சொன்னது: "நீ ஒருத்தன் இருக்கறதாலதான் எங்க ஊட்ல எனக்கு இத்தனை பேச்சு."

இன்னும் நாலாவதா?

ஒரு என்ஜினியரிங் காலேஜ் விழாவுக்குக் கூப்பிட்டார்கள். அத்தனை பெரிய பிள்ளைகளுக்கு எதற்குப் பொம்மை என்று நினைத்தேன். வாசலில் கால் வைத்ததும் சீட்டியும் கூச்சலும் கிளம்பியது. சின்ன வயசிலிருந்து பார்த்தவர்களாம். என் மகள் ஒன்றாவது சேர்ந்த காலத்தில் தொடங்கிய கதை. அவள் இப்போது காலேஜ் போகிறாள், சுப்பு இன்னும் நாலாவதிலேயே இருக்கிறான். "நாங்க அரியர் வெச்சு, எழுதி, பாஸாகி, வேலைக்கே போகப் போறோம். நீ நாலாப்புல உக்காந்துட்டு எங்களுக்குப் புத்தி சொல்றியா?" என்று ஒருவன் என் மண்டையில் தட்டினான். டங்கென்று உள்ளே எதிரொலித்தது. இத்தனை திட்டுகிறீர்களே, அப்புறம் எதற்குப் பார்க்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றியது. சட்டம் இருக்கிறதே.

விழா முடிந்து மரத்தடியில் தலையைக் கழற்றி மோர் குடித்துக்கொண்டிருந்தேன். அங்கே குழந்தைகள் இல்லை, அதனால் பரவாயில்லை. ஒரு பெண் வந்து, "அய்யோ, அக்காங்களா உள்ளாற!" என்று சிரித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் மெதுவாகக் கேட்டேன், ஏன் கண்ணு, அவனை ஏன் யாருக்கும் பிடிக்கவில்லை என்று. அவள் சுப்புவின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"புடிக்காமலாங்க்கா இத்தனை வருசம் பாத்தோம்? ஆனா அவன் ஒரு தடவ கூடப் பயந்ததில்லீங்க. பயமே இல்லாதவங்கூட எப்படிங்க சினேகிதம் வெச்சுக்கறது?"

கூன் விழுந்த சுப்பு

அதைக் கேட்டபின் ஒரு பிறந்த நாளில் கொஞ்சம் பயந்த மாதிரி நின்று பார்த்தேன். தோளைச் சுருக்கி, தலையைத் தொங்கப் போட்டு. ஒரு குழந்தையும் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா மட்டும் பார்த்தார். ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னார்: "என்னுங் அம்மணி, ஒடம்பு செரியில்லீங்களா? நெஞ்ச நிமித்துங்க. பாக்கறவங்க வாடகை பொம்மை நைஞ்சு போச்சுன்னு நெனைக்கப் போறாங்க."

சோமனூர் காதுகுத்து

ஆவணியின் கடைசி முகூர்த்தம். சோமனூரில் தறி வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக் காதுகுத்து, மண்டபம் நிறைய ஒறம்பரைச் சொந்தங்கள். செந்திலுக்கு வேறு ஊரில் விழா, அதனால் நான் தனி. அக்காவே கூட வந்திருந்தார். எதற்கு வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். சுப்பு தலை பரணுக்கா இல்லையா என்று பார்க்கத்தான்.

பையனுக்கு ஐந்து வயசிருக்கும். மொட்டைத் தலையில் சந்தனம், இடுப்பில் குட்டி வேட்டி, தாய்மாமன் மடியில் இறுகப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். அவன் அப்பா எங்களைக் கூப்பிட்ட காரணமே, "சுப்பு வந்து பக்கத்துல நிப்பான். அவன் அழுவானா? நீயும் அழக்கூடாது" என்று பையனிடம் சொல்லி வைத்திருந்ததுதான். பையன் என்னைப் பார்த்த பார்வையில் என் சால்வை, பாகற்காய், வெற்றி எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. "எனக்குப் புளிமூட்டை வேணும்!" என்று அலறினான்.

எனக்கு ஊசி ஆகாது. என் மகளுக்குத் தடுப்பூசி போட்ட நாளிலெல்லாம் நான் ஆஸ்பத்திரி வாசலில் செருப்புக்குக் காவல் இருந்தவள். இங்கே இடுப்பில் கை வைத்து, ஒரு முழ தூரத்தில் நிற்கிறேன். ஆசாரி முதல் காதில் கம்பியை ஏற்றினார். பையன் வீறிட்டான். மண்டபமே, "சுப்புவப் பாரு, சுப்புவப் பாரு! சுப்பு அழறானா?" என்று கத்தியது. அவன் என்னைப் பார்த்துப் பார்த்து இன்னும் அழுதான். அழுகிற ஒருவன் முன்னால் முப்பத்திரண்டு பல்லையும் காட்டிக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது?

ஆசாரி அடுத்த காதைத் தொட்டுத் தடவினார். அவ்வளவுதான். சட்டம், அக்கா, பரண் எல்லாம் மறந்து போயிற்று. இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு அப்படியே தொப்பென்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் கண் இருப்பது சுப்புவின் வாயில் அல்லவா? பொத்தியது சுப்புவின் சிரிப்பை. வெளியே தெரிந்ததெல்லாம் அகல விரிந்த இரண்டு பெயிண்ட் கண்கள்தான். போச்சு, நாளைக்குக் கம்பெனி பஸ்தான் என்று உள்ளே நான் நடுங்கினேன். அது நிஜ நடுக்கம். சுப்புவின் பெரிய தலையும் சேர்ந்து ஆடியது.

"மாமா! சுப்பு பயப்படறான்!" என்று பையனின் குரல் கேட்டது. அழுகை நின்றிருந்தது. சின்னக் கை ஒன்று என் கையுறையின் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டது. "கையெடுக்காத. நாஞ் சொன்னதுக்கு அப்பறம் எடுத்தாப் போதும்" என்றான். ஆசாரி அந்த நேரத்தில் வேலையை முடித்துவிட்டார். பையன் ஒரு தடவை உதட்டைப் பிதுக்கி, மூக்கை உறிஞ்சி, அடக்கிக்கொண்டான். அவனுக்கு என்னைக் கவனிக்க வேண்டிய வேலை இருந்தது. பிறகு என் கையை விலக்கி, பல் வரிசைக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி முகத்தைக் கொண்டுவந்து, சொன்னான்: "முடிஞ்சுபோச்சு சுப்பு. குத்துனது எனக்குத்தான். உனக்கில்ல."

பந்தி முடிந்து

அதற்குப் பிறகு அந்த மண்டபத்துப் பிள்ளைகள் என்னை விடவில்லை. ஒன்று தலையைத் தடவியது, ஒன்று தண்ணீர் வேண்டுமா என்று கேட்டது, ஒன்று தன் பலூனையே கொடுத்தது. காது சிவந்த பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம், "மெதுவாத் தொடுங்க, இவன் ரொம்பப் பயந்துட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் நெஞ்சை நிமிர்த்த மறந்தே போனேன்.

எல்லாம் முடிந்து மணமகள் அறைக்குள் போய்த் தலையைக் கழற்றினேன். அக்கா ஒரு டம்ளர் மோரோடு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். வாயைத் திறப்பதற்குள் நானே, "உக்காந்தது தப்புத்தானுங்க்கா" என்றேன். அவர் மோரை என் கையில் கொடுத்துவிட்டு, என்னைச் சுற்றி வந்து பின்பக்கம் பார்த்தார். பிறகு சொன்னார்: "அவங்க ஒறம்பரைல ஒருத்தரு சத்தியமங்கலத்துல காதுகுத்து வெச்சிருக்காங்களாம், இந்தச் சுப்புதான் வேணும்ங்கறாங்க. அங்கயும் இதே மாதிரி பயப்படோணுங் அம்மணி, ஆனா உக்கார மட்டும் வேண்டாமுங்க, கால்சட்டை கிழிஞ்சுபோச்சு."

இத்தனை வருஷம் வீட்டில் சும்மாவே பயந்துகொண்டிருந்தவளுக்கு, அதற்கென்றே ஆள் கூப்பிடுகிற ஒரு தொழில் இந்த ஊரில் இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.