பதினேழுக்காகக் காத்திருந்தவர்கள்

வருடத்தில் ஒரு நாள் எங்கள் பிளட்டூன் மறுபடியும் வரிசையில் நிற்கும். நிற்கும் என்றால் செல்போனில்தான். ராணுவ அகாடமியிலிருந்து தோளில் நட்சத்திரம் குத்திக்கொண்டு வெளியே வந்த நாள் அது. அன்று காலை ஒன்றாம் எண்காரன் எங்கள் செல்போன் குழுவில் தன் எண்ணை எழுதி, பக்கத்தில் ஒரே வரியில் தன் செய்தியைச் சொல்வான். பிறகு இரண்டு. பிறகு மூன்று. ஒருவன் பனிமலையில் இருப்பான், ஒருவன் ஆப்பிரிக்காவில் சமாதானப் படையில் இருப்பான். எங்கே இருந்தாலும் முன்னவன் எழுதாமல் பின்னவன் எழுதக் கூடாது. முப்பத்திரண்டு பேர். சில வருடம் பொழுது சாயும்வரை இழுத்துக்கொண்டே போகும்.

நான் பதினேழு.

நட்சத்திரம் குத்திக்கொண்டவர்களில் நான் இல்லை. கடைசிப் பருவத்தில் ஒரு மலை ஓட்டத்தில் என் வலது முழங்கால் திரும்பிக்கொண்டது. கட்டுப் போட்டு மூன்று மாதம் படுக்க வைத்தார்கள். எழுந்து ஓடினேன், மறுபடியும் திரும்பியது. ஒரு மேசைக்குப் பின்னால் மூன்று மருத்துவர்கள் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். எண் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியோடு எங்கள் தேயிலை மலைக்கு, சூரியநெல்லிக்குத் திரும்பி வந்தேன். எங்கள் லயத்தில், எஸ்டேட்டின் வரிசை வீடுகளில், பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான், அகாடமிக்குப் போன முதல் ஆளும் நான்தான். ஆகவே திரும்பி வந்த முதல் ஆளும் நான்தான். ஜீப்பிலிருந்து பெட்டியை இறக்க நாலு பேர் வந்தார்கள். அவ்வளவுதான்.

இப்போது தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கிறேன். பறித்து வந்த கொழுந்தை நீளத் தொட்டிகளில் பரப்பி அடியிலிருந்து காற்று விடுவோம். விடியும்போது போய் ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து விட்டுப் பார்ப்பேன். உருண்டையாக நின்றால் வாட்டம் சரி. விரிந்துகொண்டால் இன்னும் காற்று வேண்டும். அந்த நேரத்தில் ஃபேக்டரி முழுக்க ஒரு வாசனை இருக்கும், பச்சையும் இல்லை, தேயிலையும் இல்லை. அதற்குள் நடக்கும்போது பாதித் தூக்கத்தில் நடப்பதுபோல் இருக்கும். வெளியே மஞ்சு, மலைப் பனிமூட்டம், இறங்கியிருக்கும். அதற்குள் சில்வர் ஓக் மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்து மறையும். எங்கோ தூரத்தில் யாரோ கட்டளை கொடுக்கிறார்கள் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். பார்த்தால் காட்டுப் பக்கம் எருமை கத்தியிருக்கும்.

குழுவில் வரும் படங்களை அம்மாவுக்குக் காட்டுவது என் வழக்கம். அம்மா கொழுந்து பறிப்பவள், எழுத்து தெரியாது. வேலை முடிந்து வந்து, கைக்கறையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, அடுப்புப் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். முதல் முறை பனிப்பாறை மேல் நின்ற ஒருவனைக் காட்டியபோது, அங்கேயும் மஞ்சுதானா என்று கேட்டாள். உறைந்த மஞ்சு என்றேன். அப்போ சுவெட்டர் பத்தாதே என்றாள்.

அவர்கள் பெயர் எதுவும் அவள் நாக்கில் நிற்காது. காது பெரிய தம்பி, தலைப்பாகைத் தம்பி, பாலக்காட்டுத் தம்பி. அவ்வளவு போதும் அவளுக்கு. இன்று நான் காட்டியது நாளை காலை கொழுந்து பறிக்கும் தேயிலைக் காட்டில் முப்பது பெண்களுக்கும் தெரிந்துவிடும். தலைப்பாகைத் தம்பிக்கு இரட்டைக் குழந்தை. காது பெரிய தம்பி ஒரு பெரிய சிகரத்தில் ஏறி, இறங்கும்போது இரண்டு விரல் கறுத்துவிட்டது. பதினாறாம் எண்ணுக்கு வீரப் பதக்கம். அந்தப் பதக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லி, அதன் ரிப்பன் என்ன நிறம் என்பதுவரை காட்டில் போய்ச் சொன்னாள்.

பக்கத்து வீட்டு அத்தை ஒரு நாள் என் காதுபடவே கேட்டாள். "ஏக்கா, ஒம் மக்கமாரு முப்பத்தோரு பேரும் ஊர் ஊரா சுத்துதாக. இந்த ஒருத்தன மட்டும் ஏன் வீட்டோட வச்சிருக்க?"

அம்மா சிரிக்கவில்லை. "தேயிலை வாட்ட ஒரு ஆளு வேணும்லா" என்றாள்.

ஐந்து வருடமாக அந்த நாளில் நான் எழுதவில்லை. பதினாறு வந்ததும் வரிசை நின்றுவிடும். பதினெட்டு பாலக்காட்டுக்காரன். கிழக்குப் பாலக்காட்டில் தென்னந்தோப்பும் வெயிலும் உள்ள ஒரு கிராமம். அகாடமியில் உயரப்படி நிறுத்தினார்கள், அவனும் நானும் ஒரே உயரம். அணிவகுப்பில் என் இடது முழங்கையை உரசிக்கொண்டு நின்றவன். அவன் அரை நாள் காத்திருப்பான். பிறகு தன் எண்ணை எழுதுவான். அதற்குப் பின் மற்றவர்கள் மளமளவென்று வருவார்கள். ஏன் எழுதவில்லை என்று அவன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஒரு வருடம் எண்ணை எழுதி, தேயிலை ஃபேக்டரி என்றும் எழுதினேன். மேலே பதினாறின் பதக்கம் இருந்தது. அனுப்பாமல் அழித்துவிட்டேன்.

அம்மாவுக்கு இந்த வழக்கத்தைப் பற்றிச் சொல்லியிருந்தேன். சொல்லியிருக்கக் கூடாது.

எங்கள் எஸ்டேட்டில் தினமும் காலையில் பெரட்டு. எல்லோரும் களத்தில் கூடி நிற்க, பேர் கூப்பிட்டு அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பார்கள். அதில் குரல் கொடுப்பதைப் பேர் கொடுப்பது என்போம். உடம்பு முடியாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரியாவது போய்ச் சொல்ல வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் நாள்கணக்கில் வராதவர்களின் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் லயத்து வீடும் போகும். அம்மா ஒருமுறை காய்ச்சலோடு சாக்கைப் போர்த்திக்கொண்டு போய், பேர் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து படுத்தாள். அவளுக்கு வரிசை என்றால் அதுதான். ஒவ்வொரு வருடமும் கேட்பாள், பேர் கொடுத்தியா என்று. அங்கே அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லிக் கடந்துவிடுவேன்.

இந்த வருடம் அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. பெரட்டு இல்லை, அம்மா வீட்டில் இருந்தாள். சனிக்கிழமை கொழுந்து நிறைய வந்து கிடந்ததால் எனக்கு ஃபேக்டரி இருந்தது. போனை வேண்டுமென்றே சார்ஜில் போட்டுவிட்டுப் போனேன்.

மதியம் சாப்பிட வந்தபோது அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். போன் உள்ளே இருந்தது. அவள் அதைவிட்டு எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

"நா அதுல பேசிட்டேன்யா."

நடந்தது இதுதான். போன் காலையிலிருந்து டிங் டிங் என்று அடித்திருக்கிறது. அவள் விரல்விட்டு எண்ணியிருக்கிறாள். பதினாறில் நின்றுவிட்டது. டிரங்குப் பெட்டியில் எழுதியிருப்பது என்ன எண் என்று அவளுக்குத் தெரியும். வெயில் உச்சிக்கு வரும்வரை பார்த்திருக்கிறாள். பிறகு போனைத் திறந்து, அணிவகுப்புப் படம் உள்ள குழுவைத் தொட்டு, ஊரிலிருக்கும் மாமாவுக்குப் பேசி அனுப்புவதுபோல் மைக்கை அழுத்தியிருக்கிறாள்.

அதைப் போட்டுக் கேட்டேன். காது இரண்டும் சூடாகிவிட்டன.

"ஐயாமாரே, நா பதினேழோட அம்மா பேசுதேன், சூரியநெல்லியில இருந்து. எம்மவன் எங்கயும் ஓடிப் போயிரல, இங்கனதான் இருக்கான். இன்னைக்கி ஃபேக்டரிக்குப் போயிருக்கான், கொழுந்து வந்து கெடக்கு. அவன் பேர் குடுக்காம இருக்கது எந் தப்புதான், நாந்தான் கண்டிச்சுச் சொல்லிருக்கணும். பேர வெட்டிறாதீகய்யா. கால் இப்ப நல்லாருக்கு."

முப்பத்தோரு அதிகாரிகள். அதில் தமிழ் தெரிந்தவன் பதினெட்டு ஒருவன்தான். கீழே பஞ்சாபியும் அசாமியும் மராட்டியும் என்ன சொல்கிறார்கள், யார் பேசுவது என்று கேட்டிருந்தார்கள். பதினெட்டு முதலில் அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. அவனும் குரலிலேயே அனுப்பியிருந்தான், அம்மாவுக்கு. அவள் பயந்துபோய் அதைத் தொடவே இல்லை. வெளியே கொண்டுவந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்டினேன்.

"அம்மா, நானுங்க, பதினெட்டு. பாலக்காட்டுப் பக்கமுங்க. உங்க பையன் பக்கத்துல நின்னவனுங்க. பேரெல்லாம் வெட்டலீங்க, அவன் நம்பரு அவனுக்குத்தானுங்க. ஆனா இந்த வருசம் அவன் சொல்ற வரைக்கும் நான் என்ர நம்பர எழுதறதில்லீங்க. எனக்குப் பின்னாடி பதினாலு பேரு நிக்கறாங்க. கொஞ்சம் வெரசா வரச் சொல்லுங்க."

அதற்குக் கீழே அவன் ஆங்கிலத்தில் அம்மா சொன்னதை வரிவரியாக எழுதியிருந்தான். ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அம்மா அவன் குரலை இன்னொரு முறை போடச் சொன்னாள். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "பதினாலு பேரையா நிறுத்தி வச்சிருக்க? சோத்த அப்புறம் திங்கலாம்."

எழுத உட்கார்ந்தேன். என்னிடம் சிகரம் இல்லை, பதக்கம் இல்லை. காலையில் பிடித்துப் பார்த்த கொழுந்தின் ஈரம் உள்ளங்கையில் இன்னும் இருப்பதுபோல் தோன்றியது. இறுக்கிப் பிடித்து விட்டபோது அது விரியாமல் அப்படியே நின்றது. அதை எழுதினேன். பதினேழு, சூரியநெல்லி, தேயிலை ஃபேக்டரி, இன்றைய வாட்டம் நன்றாக வந்திருக்கிறது, மஞ்சு இறங்கினால் முழங்கால் வலிக்கிறது, தாமதத்துக்கு மன்னிக்கவும்.

அனுப்புவதற்கு முன் வாசித்துக் காட்டச் சொன்னாள். தமிழில் சொன்னேன். முழங்காலில் நிறுத்தினாள்.

"கால் நல்லாருக்குன்னு நா சொல்லிட்டம்லா. நா ஒண்ணு சொல்லி நீ ஒண்ணு எழுதுனா அவுக என்ன நெனப்பாக?"

முழங்காலை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பினேன்.

கையிலிருந்து போனைக் கீழே வைப்பதற்குள் பதினெட்டு வந்தான். மேலே எங்கோ ஒரு பனி ஆற்றின் குறுக்கே இரண்டு வருடமாகக் கட்டிக்கொண்டிருந்த பாலத்தை அந்த வாரம் திறந்துவிட்டார்களாம். ஒரு படமும் இருந்தது. பாலத்தின் மறு முனை வெள்ளைக்குள் போய்க் காணாமல் போயிருந்தது. அந்தச் செய்தியை மதியம்வரை அவன் வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறான்.

பத்தொன்பது. இருபது. இருபத்தொன்று. போன் என் மடியில் அதிர்ந்துகொண்டே இருந்தது. நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, அம்மா விரலை மடக்கினாள். தலைப்பாகைத் தம்பியின் இரட்டையர் நடக்க ஆரம்பித்திருந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தவன் ஊர் திரும்பியிருந்தான். பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறி வந்து, எதிர் லயத்தின் கூரையை மூடி, எங்கள் வாசலுக்கும் வந்தது.

இருபத்தைந்தில் நின்றது.

இருபத்தாறு எல்லையில் ஒரு காவல் சாவடியில் இருக்கிறான். அங்கே சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். ஐந்து நிமிடம் பார்த்தோம். பத்து நிமிடம் பார்த்தோம். உள்ளே சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஃபேக்டரிக்கு நேரமாகிறது என்று சொல்லலாமென்று வாயெடுத்தேன். அம்மா மடக்கிய விரலை விடாமல் வைத்திருந்தாள்.

"வருவான், இரு. மஞ்சுக்குள்ள நிப்பான்."

நான் எழுந்திருக்கவில்லை.