படிக்காத பதிலின் வேகம்

சாய்கலைத் துரத்திவிட்டார்களாம்! பிஷ்கேக்கில் எங்கள் கட்டடம் முழுக்க இதைச் சொல்லித் திரிகிற பக்கத்து வீட்டுக் குல்சுனுக்கு சாய்கல் வேலை செய்த ஆபீஸ் எந்த மாடி என்றாவது தெரியுமா? அங்கே ஆறு வருடம் தேநீர் போட்டவள் நான். எதிரில் நின்று பார்த்தவள்.

எனக்கு எழுத்துத் தெரியாது. சாய்கலின் வேலை தெரியும், அவளே சொல்லியிருக்கிறாள். ஒரு நிரல் வேறொரு கணினியிடம் கேட்டுப் பதில் வாங்கிவர வேண்டும். எச்.டி.டி.பி. என்பார்கள். அப்படிப் போய்வருகிற வேலைக்காக, மற்ற நிரலாளர்கள் எடுத்துப் பயன்படுத்த ஒரு லைப்ரரியை அவள் குளிர்காலம் முழுக்க எழுதினாள். கேள்விக்குக் கேள்வி புது இணைப்புப் போடாமல், போட்ட இணைப்பையே மறுபடி எடுத்துக்கொள்ளும். வேகம் அங்கேதான்.

முதலாளி குபானின் மச்சான் ஜனிபெக்கும் ஒன்று எழுதினான். எது வேகமோ அதையே எடுப்பது என்று பேச்சு. சோதனையில் அவனுடையது இரண்டு மடங்கு வேகம் காட்டியது. அன்றே குபான் ஆடு வெட்டினான். விருந்தில் மூத்தவருக்கு மரியாதையாக வைக்கிற இடுப்பெலும்பு, வயதில் மூத்தவர்களையெல்லாம் தாண்டி ஜனிபெக் தட்டில் விழுந்தது.

சாய்கல் சாப்பிடவில்லை. அவன் எழுதியதை வரிவரியாகப் படித்துவிட்டு மறுநாள் குபானிடம் வந்தாள்.

"அண்ணே, பதிலோட தலைப்பகுதி வந்ததுமே வாங்கியாச்சுன்னு இவன் கணக்கு வெக்கிறான். உள்ளே இருக்கிறதைப் படிக்கவே இல்ல. முழுசாப் படிக்கவெச்சு ஓட்டினேன். என்னுதோட வேகத்துல பாதிகூட வரல."

"கறி செரிக்கலையாக்கா?" என்றான் ஜனிபெக்.

"தின்னாத்தானேடா செரிக்கிறதுக்கு."

குபான் மேசையைத் தட்டினான். "எலும்பை வெச்சாச்சு, சொந்தக்காரங்க பார்த்தாச்சு. இப்போ அவன் தட்டுலேர்ந்து எடுக்கச் சொல்றியா? உன் பேரைப் போட்டு, அவனுதுதான் வேகம்னு அறிக்கை எழுது. நீ சொன்னா வெளியில நம்புவாங்க. குழுவுக்கே உன்னைத் தலைவியாக்குறேன்."

"நம்பி எடுக்கிறவன் பாதிப் பதிலோட நிக்கணுமா?"

"எழுதாம இங்கேர்ந்து போகாத!"

உட்கார்ந்தாள். எழுதினாள். குபான் முகம் மலர்ந்து திரையைப் பார்க்க வந்தான். அவள் பெயரை வாய்விட்டுப் படித்தான். கீழே இருந்ததையும் படித்தான்: அவள் அளந்த எண்களேதான், ஒன்றுகூட மாறாமல்.

"அழி இதை!"

"எல்லாருக்கும் அனுப்பிட்டேண்ணே."

ஜனிபெக் நாற்காலியை எட்டி உதைத்தான். குபான் "நில்லுடி! எங்க போற? உன்னை விட்டா இதை யாரு சரிபண்றது?" என்று கத்தினான். சாய்கல் கோட்டை மாட்டிக்கொண்டாள். என் கையிலிருந்த கோப்பையை வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கதவைத் திறந்து வெளியே போனாள்.