மெர்சி வைத்த கை

போன முகூர்த்தத்தில் உத்திரமேரூர் மண்டபம் ஒன்றில், பந்திக்குக் காத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மல்லிகையும் சாம்பாரும் கலந்த வாசனையில் எனக்குப் பசி தவிர வேறு நினைப்பில்லை. மணப்பெண் திரும்பினாள். அவள் ரவிக்கையின் கையைப் பார்த்ததும் பசி போய்விட்டது. கதிர் வெளிவரும் முன் பொதி கட்டி நிற்கும் நெற்பயிரைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலத் தோளில் ஒட்டி, நடுவில் லேசாக உப்பி, முழங்கைக்கு மேல் ஒடுங்கும் கை. "மெட்ராஸ் மாடலு" என்றாள் பக்கத்தில் இருந்தவள். இல்லை, அதை முதலில் தைத்தது எங்கள் தெருவில்.

மெர்சியும் நானும் ஒரே தெரு, ஒரே வகுப்பு. எங்கள் அம்மாக்கள் ஒன்றாக நாற்று நடப் போனவர்கள். என்னைப் பட்டன் தைக்கச் சொன்னால் விரலையும் சேர்த்துத் தைப்பேன், இன்றும் அப்படித்தான். அவளோ மாதா கோயிலில் கொடுத்த பழைய மிஷினில் கிறிஸ்துமஸுக்கு எனக்கொரு சட்டை தைத்தாள். என் தடித்த கையைக் கேலி செய்தவர்கள் அன்று வாயை மூடிக்கொண்டார்கள். அவள் தையல்மேல் அன்று பிடித்த பித்து எனக்கு.

ஊர்ப் பெரிய வீட்டில் கல்யாணம் வந்தது. மணப்பெண் கல்பனா அக்கா மெர்சிக்கு ரகசியமாகத் துணி கொடுத்தனுப்பினாள். அப்போது பிறந்ததுதான் இந்தக் கை. வரவேற்பில் எல்லோரும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை, "ஆரும்மா தச்சது?" என்று கேட்க, கல்பனா அக்கா வெள்ளந்தியாக, "காலனி மெர்சி" என்றுவிட்டாள்.

நாங்கள் இருவரும் கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தோம். ரவிக்கை வைக்கோல் போர்மேல் வந்து விழுந்தது. "எட்த்துக்கினு போங்கடி" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். மெர்சி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, அதை உதறி, உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். "கயட்டத் தெரியாம இஸ்து கிய்ச்சிட்டாங்க" என்றாள். அடுத்த வாரம் சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

சினிமாவுக்குத் தைத்தாள், சொந்தக் கடை வைத்தாள், டிசைனர் மெர்சி ஆனாள். நான் கார்மென்ட்ஸ் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போன காலம் அது. அவள் வடிவமைத்த உடைகளின் படம் எந்தப் பத்திரிகையில் வந்தாலும் கிழித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொள்வேன். எத்தனை நடிகைகள் மேல் என் வீட்டுக் குழம்பு கொட்டியிருக்கிறது! ஒரு பேட்டியில் சொந்த ஊர் சென்னை என்றாள். எனக்குக் கோபம். போனில் கேட்டேன்:

"ஏண்டி நம்ம ஊரு பேர சொல்லல?"

"எந்த ஊருடி? நம்மளுக்குத் தெருதான கீது?"

போன வருஷம் புற்றுநோய் அவளைக் கொண்டுபோனது. எங்கள் தெருக் கல்லறையில் புதைக்கச் சொல்லியிருந்தாள். வண்டி ஊருக்குள் நுழையும் இடத்தில் நாலு பேர் மறித்தார்கள். "அம்மனுக்குக் காப்பு கட்டிக்கீது. ஏரிக்கர மேல போய்டுங்க." பெட்டியை இறக்கித் தூக்கிக்கொண்டோம். திருவிழாவுக்கு உடுத்தி வாசலில் நின்று வேடிக்கை பார்த்த பெண்களில் பலர் போட்டிருந்தது மெர்சியின் கை. எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. அவள் அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.

மெர்சியின் அம்மா இப்போது செங்கல்பட்டில், மகன் வீட்டில். தெருவில் அவர்கள் வீடு இடிந்துவிட்டது. கல்லறைத் திருநாளுக்குப் பூவோடு வந்திருந்தாள். மழையில் மண்மேடு அமுங்கி, மரச்சிலுவையும் போயிருந்தது. வெகுநேரம் தேடினோம். "இங்கதாம்மா கீறா" என்றாள். கொஞ்சம் தள்ளிப் போய், "இல்ல, இங்க" என்றாள். இரண்டு இடத்திலும் பூவைப் போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டாள்.