குடிக்காமல் வைத்த கோப்பை

ஓமானின் தெற்கே தோஃபார் போரில் ரேஷன் லாரி ஓட்டிய அல்மாஸ், கண்ணிவெடியில் போய்விட்டார் என்ற செய்தி போன வியாழக்கிழமை சொஹாரில் எங்கள் துணிக்கடைக்கு வந்தது. வாப்பா கடையை முழுதாக அடைத்தார். பெருநாளுக்கே பாதிக் கதவுதான் சாத்துவார்.

கடைத்தெருவில் அவரை அறிந்த உங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டாம். எங்கள் ஊரில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல 'காக்கா' என்றே கூப்பிட்டேன். ஆனால் அவரைக் காக்கா பிடித்தவன் இல்லை. அவர் டீயில் உப்புப் போட்டவன். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "அச்சா, இன்னொண்ணு கொண்டா" என்றார். அதோடு அவரிடம் வாலாட்டுவதை விட்டேன்.

ஒரு ஷேக்கின் பேரீச்சந்தோட்டத்தில் அடிமையாகப் பிறந்தவர். பேருக்குப் பின்னால் அப்பா ஜும்ஆவின் பேர் வராது. ஷேக்கின் பேர்தான் வரும். பகலில் மரம் ஏறுவார். மாலையில் ஷேக்கின் மஜ்லிஸ் கூடத்தில் நின்றபடி விருந்தாளிகளுக்குக் காப்பி ஊற்றுவார். புது சுல்தான் வந்து அடிமை வழக்கத்தை ஒழித்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. காக்கா அன்றே வெளியே வந்தார். தங்கை சுவைனாவை மட்டும் ஷேக் விடவில்லை. "சட்டமெல்லாம் மஸ்கட்டுக்கு. இங்கே மாஃபி, கிடையாது" என்றார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. கோரிக்கையோடு வரும் விருந்தாளி காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்துவிடுவார். என்ன வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்டு, தருகிறேன் என்ற பிறகுதான் குடிப்பார். குடிக்காமல் எழுந்து போய்விட்டால் வீட்டுக்காரர் ஊரில் தலைகாட்ட முடியாது.

வாப்பாவும் நானும் துணி காட்டப் போயிருந்த ஒரு மாலை, கூடம் நிறைய ஆட்கள். காக்கா வந்தார், சலாம் சொன்னார், ஷேக்குக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்த ஷேக்கின் மகன், ஆளைப் பார்க்காமல் அவருக்கும் நீட்டிவிட்டான். காக்கா வாங்கித் தரையில் வைத்தார்.

"எழுந்திரு" என்றார் ஷேக்.

"காப்பி ஊத்தியாச்சே. நான் விருந்தாளி."

"அப்போ குடி."

"கேளுங்க, குடிக்கிறேன்."

நான் சிரித்துவிடுவேன் என்று வாப்பா என் தொடையைக் கிள்ளினார். மூலையில் இருந்த பெரியவர் இருமிக்கொண்டு, "ஷேக், காப்பி ஆறுது" என்றார்.

ஷேக் கேட்டார். காக்கா சொன்னார். சுவைனா அப்போதே துணிமூட்டையோடு வெளியே வந்தாள். வழியில் காக்கா சொன்னது: "இருபது வருஷம் ஊத்தினேன். ருசி இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. ஏலக்காய் கம்மி."

நேற்று அதே கூடத்தில், துக்கம் கேட்க வருபவர்களுக்காக ஷேக் உட்கார்ந்திருந்தார், உறவுக்காரர்போல. "என் வீட்டு அடிமை. நல்லவன்" என்றார். எனக்குக் காப்பி வந்தது. தரையில் வைத்தேன். இந்த முறை வாப்பா கிள்ளவில்லை.

"உனக்கென்னடா வேணும்?"

"அவர் பேர். அவங்க அப்பா பேரோட."

காப்பி ஆறியது. கடைசியில் ஷேக் தரையைப் பார்த்துச் சொன்னார்: "அல்மாஸ் பின் ஜும்ஆ."

குடித்தேன்.

காக்காவின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. கோப்பையைக் கீழே வைக்கத் தெரியும், அவரிடம் கற்றது; அதை யாருக்கும் திருப்பித் தர மாட்டேன். ஏலக்காய் இன்னும் கம்மிதான்.