இரண்டு மணி ஊசி

இது நடந்தது. ஆம்பூரில், 1978-ல், பட்டப்பகலில் நடந்தது. நம்பாதவர்கள் அப்போது நர்ஸாக இருந்த ஜெயபுஷ்பத்தைத் தேடிப்பிடித்துக் கேட்டுக்கொள்ளலாம். பேய் என்றால் நடுராத்திரி, புளியமரம், வெள்ளைச் சேலை என்று நினைப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். டோரதியும் அப்படிச் சிரித்தவள்தான். வெள்ளைச் சேலை அவள் உடம்பிலேயே இருந்தது.

தோல் கம்பெனிக்காரர்கள் கூடி நடத்திய முப்பது படுக்கை ஆஸ்பத்திரி அது. டோரதி அங்கே ஸ்டாஃப் நர்ஸ். கஞ்சி போட்ட தொப்பி, கஞ்சி போட்ட முகம். பெரிய டாக்டர் வந்தால் பேச்சில் தேன் ஒழுகும். தொழிலாளி வந்தால் மூக்குக்குக் கைக்குட்டை போகும். தோல்காரர்கள் தயவில்தான் பத்து வருஷமாக அவளுக்குச் சோறு. ஆனால் அந்த வாடை மட்டும் மகாராணிக்கு ஆகாது.

அந்த ஜூன் மாதம் லியாகத் அலி என்பவர் சர்க்கரை வியாதியோடு ஏழாம் படுக்கையில் வந்து சேர்ந்தார். முப்பது வருஷம் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டியவர். படிவத்தில் டோரதி கைநாட்டு வாங்கினாள். மை ஒட்டியது, ரேகை விழவில்லை. சுண்ணாம்பு தின்ற விரல். மூன்று முறை வைத்தும் காகிதத்தில் வெறும் கறுப்பு வட்டம்தான்.

"இன்னாய்யா, கைநாட்டு வெக்கக்கூட ஒதவாத விரலா இது?" என்று வார்டே கேட்கச் சிரித்தாள்.

அவரும் சிரித்துவைத்தார். வேறென்ன செய்வார்?

இனி அந்த இரண்டு மணி விவகாரம். காலை ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். மதிய ஷிப்ட் இரண்டு மணிக்குத் தொடங்கும். சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலின் ஊசியும் இரண்டு மணிக்கு. அது யார் வேலை? யாரும் எழுதிவைக்கவில்லை. டோரதி ஒரு நாளும் நேரத்துக்கு வரமாட்டாள். அதனால் காலை நர்ஸ் பொன்மலர் தானே போட்டுவிட்டு, வாசலில் வாயால் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு ஓடுவாள். கேட்டுக்கொண்டவள் சார்ட்டில் டிக் போட வேண்டும். இந்த லட்சணத்தில்தான் அங்கே உயிர்கள் கைமாறின.

ஜூன் 5, திங்கட்கிழமை. மணி 1.50. பொன்மலர் ஊசி போட்டாள். 2.05-க்கு வாசலில் சொன்னாள்.

"அக்கா, ஏழுக்குப் போட்டாச்சு. டிக் போட்ருங்க."

டோரதி கைக்கண்ணாடியைப் பார்த்துத் தொப்பியில் ஹேர்பின் குத்திக்கொண்டிருந்தாள். "ம்" என்றாள்.

2.20. சார்ட்டில் டிக் இல்லை. ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு ஏழாம் படுக்கைக்குப் போனாள்.

"போட்டாச்சு சிஸ்டர்" என்றார் லியாகத் அலி. "அந்தம்மா போட்டுட்டுதான் போச்சு."

"ஒனக்கு இன்னா தெரியும்? சும்மா கட."

போட்டாள். இரட்டை மருந்தில் சர்க்கரை அடியோடு இறங்கி அவருக்கு வேர்த்தது. நடுங்கியது. பேச்சு குழறியது. டோரதி டியூட்டி ரூமில் வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். ஐந்தேகாலுக்கு எட்டிப் பார்த்தபோது உடம்பு சில்லிட்டுப்போயிருந்தது.

ஆஸ்பத்திரிக் கமிட்டி பத்தே நிமிஷம் விசாரித்தது. "எங்கிட்ட அவ சொல்லவே இல்ல சார்" என்று டோரதி கூசாமல் சொன்னாள்.

"நான் எழுதியிருக்கணும் சார். அது என் தப்புதான்" என்று பொன்மலர் அழுதாள். "ஆனா சொன்னேன் சார். சத்தியமா சொன்னேன்."

தப்பை ஒத்துக்கொண்டவளை வேலையைவிட்டு நீக்கி, சொந்த ஊர் திமிரிக்கு அனுப்பினார்கள். இனி எந்த ஆஸ்பத்திரியும் சேர்க்காதபடி சர்டிபிகேட்டில் எழுதியும் கொடுத்தார்கள். பொய் சொன்னவளை இன்சார்ஜ் ஆக்கலாமா என்று யோசித்தார்கள். அந்தக் கமிட்டிக்கு மூளை அவ்வளவுதான்.

ஜூலை 14, வெள்ளிக்கிழமை. லியாகத் அலி போய் நாற்பதாம் நாள்.

அன்று ஏழாம் படுக்கையில் கிருபானந்தம் வாத்தியார். பக்கவாதம் வந்து ஆறு நாளாகப் பேச்சில்லை, அசைவில்லை. அவருக்கும் சர்க்கரை. அவருக்கும் இரண்டு மணி ஊசி.

2.00. கம்பெனிச் சங்கு ஊதியது.

2.10. டோரதி வந்தாள். பொன்மலர் இடத்துக்கு வந்திருந்த ஜெயபுஷ்பம் அதற்குள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். சார்ட்டில் டிக் இல்லை. ஒரு சாவு விழுந்தும் ஒருத்திக்கும் புத்தி வரவில்லை.

2.17. ஊசியில் மருந்தை ஏற்றினாள்.

அப்போதுதான் அந்த வாடை... ஈரத்தோல். சுண்ணாம்பு.

ஜன்னல்கள் சாத்தியிருந்தன. டோரதி முகத்தைச் சுளித்துக்கொண்டு வாத்தியாரின் கையைத் தூக்கினாள்.

"போட்டாச்சு சிஸ்டர்."

கை நின்றது.

வாத்தியாரின் உதடு அசையவில்லை. கண் மூடியிருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

சொட்... சொட்...

குனிந்தாள். கட்டிலுக்கடியில் தண்ணீர். பால் மாதிரி வெள்ளையாக...

"போட்டாச்சு சிஸ்டர்."

இந்த முறை காதருகில்.

ஊசி விழுந்து உடைந்தது.

மணி 2.20.

சார்ட்டைப் பார்த்தாள். இரண்டு மணிக் கட்டத்தில் ஒரு கறுப்பு வட்டம். ஈரமாக இருந்தது.

ரேகை இல்லை...

2.26. மாடிப்படியில் தடதடவென்று சத்தம். டோரதி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஓடி வந்தது ஜெயபுஷ்பம்.

"சிஸ்டர்! ஏழுக்குப் போட்டுட்டேன்! பஸ் ஏறினப்புறம்தான் சொல்லாம வந்தது ஞாபகம் வந்துச்சு. நீங்களும் போட்டுட்டீங்களா?"

டோரதி இல்லையென்று தலையாட்டினாள். ஜெயபுஷ்பத்தின் கண் சார்ட்டில் விழுந்தது. வேலைக்கு வந்த புதிதில் லியாகத் அலியின் பழைய படிவத்தை ஃபைலில் வைத்தவள் அவள்தான்.

"இது... பாயோட கைநாட்டு" என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "பொன்மலர் அன்னிக்கு சொன்னா, இல்ல? இப்பவாச்சும் கமிட்டில சொல்லிடுங்க சிஸ்டர். அவ பொழப்பே போச்சு."

செத்த மனிதர் வந்து, தன்னைக் கொன்றவளின் கையை இன்னொரு கொலையிலிருந்து தடுத்திருக்கிறார். மனுஷியாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பாள். டோரதி அந்தக் காகிதத்தை உருவி, கசக்கிக் கிழித்தாள்.

"மை கொட்டிடுச்சு. அவ்ளோதான். வேலையப் பாரு."

ஈர மை அவள் இடது கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. சோப்பு போட்டாள். ஸ்பிரிட் போட்டாள். தேய்த்துத் தேய்த்து ஒருவழியாகப் போனது.

அந்த மாதமே இன்சார்ஜ் ஆனாள். பொன்மலர் திமிரியில் கடலைக்காட்டுக்குக் கூலிக்குப் போனாள். ஜெயபுஷ்பம் கமிட்டியிடம் சொல்லிப் பார்த்தாள். சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

ஐந்து வருஷம் கழித்து டோரதி ஒரு வீட்டுமனை வாங்கினாள். தன் பெருமையைப் பார்க்க ஆள் வேண்டுமே, ஜெயபுஷ்பத்தையே சாட்சிக் கையெழுத்துக்குக் கூட்டிப்போனாள். பத்திர ஆபீஸில் படித்தவர்கள்கூட இடது கட்டைவிரல் ரேகை வைத்தாக வேண்டும்.

டோரதி வைத்தாள்.

குமாஸ்தா பார்த்தார். துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னார். மூன்றாம் முறையும் வைத்தாள்.

காகிதத்தில் மூன்று கறுப்பு வட்டங்கள்.

"இன்னாம்மா இது, ரேகையே காணோம்?" என்றார் அவர். "சுண்ணாம்புத் தொட்டியிலயா வேல?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெயபுஷ்பத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அறைக்குள் ஈரத்தோல் வாடை அடித்துக்கொண்டிருந்தது.